முகம் பொருந்தவில்லை

சுகன்யா வேலையை விட்டுப் போய் ஒரு மாதமாகியும், பாச்சலூரில் சேனாதிபதி நடத்தும் தங்கும் விடுதியின் இன்ஸ்டாகிராம் பக்கம் அவள் கையில்தான் இருந்தது. அவள் நம்பரில் அவளே தொடங்கிய பக்கம். இப்போது திண்டுக்கல் பேங்கில் உட்கார்ந்துகொண்டு, சாப்பாட்டு நேரத்தில் பதில் போட்டுக்கொண்டிருந்தாள்.

குறை சொல்ல வழியில்லை. அதில் எழுதுவதெல்லாம் ஆங்கிலம் என்பதால் சேனாதிபதி படங்களை மட்டும் பார்ப்பார். ஆனால் வந்து தங்குகிறவர்கள், அந்தப் பதில்களைப் படித்துத்தான் மலையேறினோம் என்று வாயாரச் சொன்னார்கள். சம்பளம் வாங்காமல் இப்படி உழைக்கிற ஆளை அவர் கண்டதில்லை. அதனாலேயே பயமாகவும் இருந்தது. மே மாத சீசனில் பக்கத்தை வேறொரு விடுதிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டால்? கேட்டு வாங்கவும் கூச்சம். அவள் விடைபெற வந்த அன்று, கோபத்தில் முகங்கொடுக்காமல் மிளகுத் தோட்டத்துக்குள் போய் நின்றுகொண்டவர் அவர்.

ஆகவே பழனிக்குப் போய், கம்ப்யூட்டர் கடை முருகவேலிடம் சொன்னார். பக்கம் திருடு போய்விட்டதாக அவன் இன்ஸ்டாகிராம் கம்பெனிக்குப் புகார் தட்டினான். கம்பெனி உடனே பக்கத்தைப் பூட்டியது.

"ஏலே, வாங்கிக் குடுக்கச் சொன்னா பூட்டிட்டியே?"

"பொறுங்கண்ணே. நீங்கதான் ஓனருன்னு தெரிஞ்சா தெறந்துருவாங்க. அதுக்குள்ள ஏதாச்சும் சோலி கெடந்தா முடிச்சுட்டு வாங்க."

பழனியில் வேறென்ன சோலி? மீசையும் சேர்த்து மொட்டை போட்டு, சந்தனம் பூசி, மலையேறி, பக்கம் திரும்பக் கிடைக்க வேண்டுமென்று முருகனிடம் முறையிட்டு இறங்கினார்.

முருகவேல் அவர் தலையைப் பார்த்தான். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

"அண்ணே, பக்கத்துல இருக்குற ஓனர் போட்டோவோட மொகம் ஒத்துப்போகுதான்னு வீடியோ கேக்குறாங்க."

இடம், வலம், மேலே என்று மொட்டைத் தலையைத் திருப்பிக் காட்டினார். முகம் பொருந்தவில்லை. மையால் மீசை வரைந்து காட்டினார். இன்றைக்கு இனிமேல் காட்ட வேண்டாமென்று கம்பெனி சொல்லிவிட்டது. ஊர் திரும்பினால், பக்கத்தைக் காணாமல் விடுதியையே மூடிவிட்டதாக நினைத்துப் பல குடும்பங்கள் அறைகளை ரத்து செய்திருந்தன.

கூச்சத்தை விழுங்கிக்கொண்டு சுகன்யாவுக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். மொட்டையைப் பார்த்தும் அவள் சிரிக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கே தனிச் சம்பளம் தரலாமென்று அவருக்குத் தோன்றியது.

"ஒங்க நம்பருக்கு மாத்தித் தரத்தான் சார் அன்னிக்குத் தேடுனேன். நீங்க மிளகுக் கொடிக்குப் பின்னால நின்னுக்கிட்டீங்க."

"தப்புத்தாம்மா. இப்ப முடி வளர்றதுக்குள்ள சீசன் போயிருமே."

"முடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல சார்" என்று தயங்கிச் சொன்னவள், சமையற்கட்டிலிருந்து மணியனைக் கூப்பிட்டு வெளிச்சத்தில் நிறுத்தினாள். கரண்டியும் கையுமாக வந்த சமையல்காரர், போனைப் பார்த்து இடம், வலம், மேலே என்று முகத்தைத் திருப்பி, பல் தெரியச் சிரித்தார்.

பக்கம் திறந்துகொண்டது.

சேனாதிபதி வாய் பிளந்து நின்றார். சுகன்யா தரையைப் பார்த்தாள். மணியன்தான் பேசினார்.

"கோவிச்சுக்கிராதீங்க மொதலாளி. எத்தன தடவ கெஞ்சியும் நீங்க போட்டோவுக்குச் சிரிக்கல. அதுனால ரெண்டு வருசமா அதுல நாந்தான் ஓனரு, நீங்க சமையல்காரரு."