கன்னையன் ஜீப்பு விட்ட புகை

ஈஸ்டர் அன்றிலிருந்து சிகரெட்டை அடியோடு விட்டுவிட்டேன். வீட்டில்.

மலைக்கு மேலே நடப்பது வேறு விஷயம். போடியில் எனக்கு ஏலக்காய்க் கடை. எஸ்டேட்டில் காய் பார்க்க தினமும் கன்னையன் ஜீப்பில் போடிமெட்டு ஏறுவேன். வழியில் ஒரு வளைவில் எனக்காக ஜீப்பு நிற்கும். இரண்டு ஊதுவேன். வீடு வந்து சேருமுன் வாடை போக நாலு ஏலக்காயை மென்றுவிடுவேன். இந்தச் சந்தோஷமும் இல்லையென்றால் ஞானதுரை என்ற மனிதன் எதற்காக மலையேற வேண்டும், சொல்லுங்கள்.

ஒரு சாயங்காலம் என் சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி ஜெயபாக்கியம் மூக்கைச் சுளித்தாள்.

"என்னங்க, புகை வாடை அடிக்குது?"

"ஜீப்பு புகை."

"சிகரெட்டு மாதிரியில்ல இருக்கு."

"டீசலைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? கன்னையன் ஜீப்புல ஏறி உக்காந்து பாரு. ஊரே சிகரெட்டு சிகரெட்டுன்னு கத்துது, வண்டிப் புகையை எவன் கேக்குறான்? என் நுரையீரல் கரியடுப்பா ஆயிருச்சு."

இருமியும் காட்டினேன். அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு என் மேலேயே மரியாதை வந்தது.

"இதைச் சும்மா விடக் கூடாதுங்க. மனு போடுவோம். நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்."

கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி சொன்னேன். 'புகையால் என் உடல் நாசமாகிறது. இதற்குக் காரணமானவர் யாராக இருந்தாலும் ஒரு மாதம் மலையேற விடக் கூடாது.' அடியில் கையெழுத்தையும் நீட்டி முழக்கிப் போட்டேன்.

"யாருக்கு அனுப்பப் போற?"

"விசாரிச்சு எழுதிக்கிறேன். நீங்க வெரசா சாப்பிட வாங்க."

காலையில் கன்னையன் வாசலில் நின்றான். முகம் கடுகடுவென்று இருந்தது. விடிந்ததும் விடியாததுமாக அவனிடம் போய் மனுவைக் காட்டியிருக்கிறாள்.

"அண்ணே, போன வாரந்தான் ஜீப்புக்குப் புகை சோதனை பண்ணி சர்டிபிகேட்டு வாங்கினேன். நீங்க ஊதணும்னு தெனமும் வளைவுல வண்டிய நிப்பாட்டினேன். என் பொழப்புலயா மண்ணைப் போடுறீங்க?"

பின்னால் வந்து நின்ற மனைவி பக்கம் திரும்பினேன். "ஜெயா, இவன் பேச்சை நம்புறியா?"

"தம்பி சொல்லித்தான் தெரியணுமா? இருபது வருசமா ஏலக்கா யாவாரம் பண்றீங்க. பாயசத்துல ஒரு காய் கெடந்தாலே பொறுக்கி ஓரமா வைக்கிற ஆளு. ரெண்டு மாசமா வாயெல்லாம் ஏலக்கா மணக்க வீட்டுக்கு வந்தா, எனக்கு சந்தேகம் வராதா?"

"தெரிஞ்சுகிட்டே ஏன் மனு எழுதுன?"

"உங்க கையெழுத்து வேணும்ல."

தாளை நீட்டினாள். மேலே புதிதாக ஒரு வரி இருந்தது. பெறுநர்: திருமதி ஜெயபாக்கியம்.

"படிச்சுப் பாத்தேன். நியாயமான மனுதான். இன்னைக்கே அமலுக்கு வருது."

"அப்ப மலையில காய் பாக்குற சோலி?"

"நான் போறேன். நீங்க சாக்குல இருக்குற காய்க்குக் காம்பு கிள்ளுங்க. தம்பி, வண்டிய எடு."

முன்சீட்டில், என் இடத்தில், ஏறி உட்கார்ந்தாள். ஜீப்பு தெருமுனை திரும்பும்வரை காம்பு கிள்ளிக்கொண்டே பார்த்தேன். பொட்டுப் புகை வரவில்லை.