மிதந்த மட்டியும் தாழ்ந்த மட்டியும்

விதைநெல் பார்க்கத் தெரிந்தவனுக்கு உலகத்தில் மற்ற எல்லாம் தானாகவே தெரிந்துவிடும் என்று இருபத்தாறு வயதில் நான் நம்பியிருந்தேன். ஒரு சட்டி மட்டிக்கறி அந்த நம்பிக்கையைத் தீர்த்துக்கட்டியது.

அப்போது அறுபதுகளின் தொடக்கம். கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்தில் எனக்குக் காணி கிடைத்திருந்தது. வயல்களை வாய்க்கால் வாரியாகப் பிரித்துக் கொடுத்திருந்ததால், எங்கள் பக்கத்தில் ஆளைப் பெயரால் கேட்கமாட்டார்கள், எத்தனையாம் வாய்க்கால் என்றுதான் கேட்பார்கள். நான் மூன்றாம் வாய்க்கால். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் வீட்டில், அநேகமாக மரக்கறியிலேயே வளர்ந்தவன். மனைவி யோகமோ முல்லைத்தீவில் கடற்காற்றில் வளர்ந்தவள்.

யோகம் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த முதல் மாதங்களில் அவளுடைய வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. சோற்றைக் கண்டால் சத்தி. குசினி மணம் வந்தால் சத்தி. (என்னைக் கண்டும் ஒருதரம் எடுத்தாள். தற்செயல் என்று இன்றைக்கும் சாதிக்கிறாள்.) அவள் மெலிந்துகொண்டே போனது எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

அவளைப் பார்க்க மாமா முல்லைத்தீவிலிருந்து வந்தார். மகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, வாற ஞாயிறு திரும்பி வருவன். பிள்ளை அப்பவும் சாப்பிடாட்டில் கையோடை கூட்டிக்கொண்டு போடுவன். பேறு முடிஞ்சாப்பிறகு அனுப்புறன்."

அக்கறையில் சொன்ன கதைதான். ஆனாலும் அத்தனை மாதம் அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. (யார் சமைப்பது என்ற கவலையும் இருந்தது. மறைப்பானேன்?)

அவர் போன பிறகு யோகத்திடம் கேட்டேன். "என்னதான் தின்ன மனம் வருது? சொல்லும், வாங்கித் தாறன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு, "மட்டி," என்றாள். கடலோரச் சேற்றில் கிடக்கும் சிப்பி.

பரந்தன் சந்திக்கு வரும் மீன் வியாபாரி ஒருவரிடம் சொல்லிவைத்தேன். சனிக்கிழமை அவர் நனைந்த சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்.

"முல்லைத்தீவுப் பக்கத்து நாயாத்து மட்டி. துப்பரவாக்கத் தெரியுமோ?"

"இதென்ன பெரிய வேலையே?" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் யோகம் எழும்பப் பார்த்தாள். "நீர் பேசாமல் படும். எல்லாம் நான் பாக்கிறன்," என்றேன். அப்படிச் சொன்ன பிறகு அவளிடம் ஒரு கேள்வி கேட்பது எப்படி? என் மூளைக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். விதைநெல்லைத் தண்ணீரில் கொட்டினால் உள்ளே ஒன்றுமில்லாத சப்பி மிதக்கும், நல்ல மணி தாழும். மிதந்ததை அள்ளி ஒதுக்கிவிட்டுத் தாழ்ந்ததை ஊறவிட வேண்டும்.

கிணற்றடியில் கிடாரம் நிறையத் தண்ணீர் அள்ளி மட்டியைக் கொட்டினேன். சில மிதந்தன. தாழ்ந்தவற்றையும் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தேன். நல்ல பாரமானவற்றைத் திரும்பவும் தண்ணீருக்குள் ஊறவிட்டேன். இலேசானதையும் மிதந்ததையும் சப்பி என்று கடகத்தில் போட்டு நனைந்த சாக்கால் மூடினேன், பிறகு கோழிக்குப் போடலாம் என்று. சில மட்டிகளின் ஓரத்தில் வேர் போல நார் தொங்கியது. முளைவிட்ட நெல்லையே பார்த்துப் பழகிய எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. அதில் கை வைக்கவில்லை.

ஞாயிறு காலை தேங்காய்ப்பால் விட்டு, தூள் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு அடுப்பில் ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் குசினியில் குளக்கட்டு மணம். மூடியைத் திறந்தால் மட்டிகள் வாய் பிளந்து கிடந்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலிருந்தும் கறுத்த சேறு கொப்பளித்து வந்துகொண்டிருந்தது. உழுது பலகை அடித்த வயலை நான் தேங்காய்ப்பாலில் காய்ச்சியிருந்தேன்.

மணத்துக்கு யோகம் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். சத்தி எடுக்கப் போகிறாள் என்று வாளியைத் தேடி ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

"மிச்ச மட்டி எங்கை?"

"மிச்சமில்லை. சப்பிதான் கிடக்கு."

"மட்டியிலை என்னப்பா சப்பி?"

கிணற்றடிக்குப் போய்ச் சாக்கைத் தூக்கினாள். வாய் சற்றுத் திறந்திருந்த ஒரு மட்டியை இன்னொன்றால் தட்டினாள். அது மெல்ல வாயை மூடிக்கொண்டது.

"உயிரோடை கிடக்கிறதைக் கோழிக்கு வைச்சிருக்கிறியள். செத்துச் சேறு நிறைஞ்சதுதான் பாரமாயிருக்கும், அதைத் தேடிப் பொறுக்கி எனக்குக் காய்ச்சியிருக்கிறியள். அதுவும் கிணத்துத் தண்ணியிலை ஊறவைச்சு! கடல்சாமான் நல்ல தண்ணிக்கு வாய் திறக்குமே? ஓடிப்போய் உப்பைக் கொண்டுவாங்கோ."

உப்புத் தண்ணீரில் கிடந்த மட்டிகள் கொஞ்ச நேரத்தில் மெதுவாக வாய் திறந்து மணலைத் துப்பத் தொடங்கின. பிறகு யோகம் துவைகல்லில் குந்தியிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். தட்டியும் மூடாததை எறிந்தாள். என் நல்ல சகுனத்தைப் பிடித்துச் சுண்டி இழுத்தாள். தேங்காய்த் தும்பால் மட்டியோட்டைத் தேய்த்தாள். நான் தண்ணீர் அள்ளி ஊற்றினேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். அத்தனை நேரமும் அவள் ஒரு தடவைகூட ஓங்காளிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். வாய் திறந்தால் கெட்டுவிடும் என்று இன்னொரு வாளி தண்ணீர் அள்ளினேன்.

அவளே மிளகும் வெங்காயமும் போட்டு, மட்டி வாய் திறக்கும் வரைக்கும் அவித்து இறக்கினாள். வாய் திறக்காததை எறிந்தாள். கோப்பையில் சோற்றைப் போட்டுக்கொண்டு குசினி நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். போன கவளம் ஒன்றும் திரும்பி வரவில்லை. இரண்டாம் தரமும் சோறு போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (வெங்காயம்.)

அந்த நேரம் பார்த்து மாமா வந்து வாசலில் நின்றார். மகள் மட்டியோட்டை உறிஞ்சுவதைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஆர் பிள்ளை காய்ச்சினது?"

"இவர்தான், அப்பா," என்றாள் யோகம், என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு.

அவருக்குக் கை கழுவத் தண்ணீர் எடுக்க நான் கிணற்றடிக்குப் போனேன். அதற்குள் அவர் தானே கோப்பையில் சோறு போட்டு, அடுப்படியில் கொட்டாமல் கிடந்த என் காலைக் கறியில் ஒரு அகப்பை அள்ளி விட்டுவிட்டார். நான் செம்போடு குசினிக்குள் கால் வைக்கவும் அவர் வாயில் வைக்கவும் சரியாக இருந்தது. நறநற என்ற சத்தம் எனக்கே கேட்டது.

அவர் கோப்பையை நிலத்தில் வைத்தார். எழும்பி முற்றத்துக்குப் போய்த் துப்பிவிட்டு, என் கையிலிருந்த செம்பை வாங்கி வாய் கொப்பளித்தார். பிறகு வலு மரியாதையாகக் கேட்டார்.

"தம்பி, இது எத்தினையாம் வாய்க்கால் மண்?"

பின்னேரம் அவர் தனியாகத்தான் பஸ் ஏறினார். ஏறும்போது, "பிள்ளை இஞ்சையே இருக்கட்டும். நீங்கள் மட்டும் குசினிப் பக்கம் போகாதையுங்கோ," என்றார். பஸ் மறைந்ததும் வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு விட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டது அதற்குப் பிறகு மகள் பிறந்த அன்றைக்குத்தான்.

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யார் சோற்றில் கல்லைக் கடித்தாலும் அந்தக் கேள்விதான். போன கிழமை கீரைக்கறியில் மணல் கடிபட்டது, அன்றைக்கு யோகத்தின் வயிற்றில் இருந்த அதே மகளுக்கு. அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். யோகமும் பார்த்தாள். ஒருவரும் வாய் திறக்க முதல் நானே சொல்லிவிட்டேன்.

"மூண்டாம் வாய்க்கால்."