பால்கோவாவை நான் துப்பவில்லை

ராஜபாளையம்
14.9.1998

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடை முதலாளி, மேன்மை தங்கிய ஜனாப் ஹுமாயூன் அவர்கள் சமூகத்துக்கு, பேண்டேஜ் துணி வியாபாரம் பிச்சை முகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும், தங்கள் வீட்டில் அப்ரோஸ் பேகம் அவர்களும், எனக்கு மருமகனாக ஆகவிருந்த தங்கள் மகனும், கடைக்குப் பால் கறக்கிற மாடுகளும் நல்ல சுகத்தோடு இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக. என் சுகத்தைத் தாங்கள் விசாரிக்கவில்லை. விசாரிக்காவிட்டாலும் சொல்வது மரியாதை. நான் உயிரோடு இருக்கிறேன்.

"நிச்சயத்து இனிப்பைத் துப்பினவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டேன், வாதம் ஆஸ்பத்திரி என்பதெல்லாம் சாக்கு" என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அவர் அதை எங்கள் தெருவில் நாலு வீட்டில் இறக்கி வைத்துவிட்டு, கடைசியாகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மகள் அசீனா அதைக் கேட்டதிலிருந்து, தைக்கக் கொடுத்த கல்யாணத் துணியை வாங்கி வரப் போகாமல் இருக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். ஜனாப், நான் துப்பவில்லை. பால்கோவா தானாக விழுந்தது.

அன்றைக்கு நடந்ததை எதிரே உட்கார்ந்து பார்த்தவர் தாங்கள், உள்ளே இருந்து பார்த்தவன் நான். அஸர் தொழுதுவிட்டுத் தங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்தோம், ஜமாஅத்தார் இருந்தார்கள், என் பக்கம் பேச என் மச்சினன் அல்லா பிச்சை வந்திருந்தான், பேச்சு நல்லபடியாக முடிந்தது, வழக்கப்படி ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்ட வேண்டும் என்றார்கள், நான் ஊட்டியதைத் தாங்கள் சப்புக்கொட்டிச் சாப்பிட்டீர்கள், சொந்தக் கடைச் சரக்கு, பிறகு தாங்கள் கை நிறைய வழித்து என் வாயில் வைத்தீர்கள், வைத்ததுதான் தெரியும், அதற்குப் பிறகு வாய் எனக்குச் சொந்தமாக இல்லை, வலது பக்கம் அப்படியே தொங்கிவிட்டது, பால்கோவா அந்தப் பக்கமாக வழிந்து சட்டையில் விழுந்து, சட்டையிலிருந்து தங்கள் புது ஜமக்காளத்தில் விழுந்தது. துடைக்கலாம் என்று பார்த்தால் வலது கை மடியில் செத்துக் கிடக்கிறது. "சம்மதம்" என்று சொல்ல நினைத்தேன், வந்தது ஒரு உறுமல். அதையும் தாங்கள் என் பதிலாக எடுத்துக்கொண்டீர்கள்.

"எங்கடைச் சரக்கை மெட்ராசு பம்பாய்னு கொண்டு போறான், இவரு துப்புதாரு. எந்திரிங்கய்யா. ஏலே சங்கிலிப்பாண்டி, இவியளை வண்டியில ஏத்திக் கொண்டு போயி பஸ் ஸ்டாண்டுல தள்ளிட்டு வா" என்று தாங்கள் போட்ட சத்தத்தில், திரைக்குப் பின்னால் நின்ற தங்கள் வீட்டார் சொன்னது தங்கள் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது. "ஏங்க, அவிய துப்பலைங்க, வாயி கோணிக்கிட்டுப் போகுது. எங்க வாப்பாவுக்கு இப்பிடித்தான் வந்துச்சு, விடியட்டும்னு படுக்கப் போட்டோம், பொறவு எந்திரிக்கவே இல்லை." இதைச் சொல்லிவிட்டு அவர்களே கொல்லைப்புறமாகப் போய், பால் வண்டி டிரைவர் சங்கிலிப்பாண்டியிடம், பஸ் ஸ்டாண்டு வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்கு விடு என்று சொல்லியிருக்கிறார்கள். இதற்காக அவர்களைக் கோபிக்க வேண்டாம். தாங்கள் மரியாதை தெரிந்தவராக இருந்து, காபி கொடுத்து, செத்த நேரம் சாஞ்சு படுங்க என்று உபசரித்திருந்தால் இந்நேரம் என்னை அடக்கிவிட்டு ஓதுகிற கத்தத்துக்குத்தான் வந்திருப்பீர்கள்.

பால் கேன்களுக்கு நடுவில் என்னைச் சாத்தி வைத்தார்கள். என் மச்சினனுக்கு அதற்குள் வைத்தியம் ஞாபகம் வந்துவிட்டது. "வாதத்துக்குப் புறா ரத்தம் தேச்சாப் போதும், மம்சாபுரத்துல நம்ம ஆளுகிட்ட புறா கெடக்கு, வண்டியைத் திருப்புங்க" என்றான். "அம்மா ஆஸ்பத்திரின்னுதான் சொன்னாவ. பால் வேற திரிஞ்சிரும். நான் எங்கயும் திருப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டு சங்கிலிப்பாண்டி அழுத்தினான் பாருங்கள், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கேன் என் மடியில் ஏறி இறங்கியது. கலிமா சொல்லலாம் என்று பார்த்தேன், நாக்கு புரளவில்லை. அசீனாவின் முகம்தான் வந்தது. அப்போது பயந்தேன் ஜனாப். என் வயசுக்கு அவ்வளவு பயந்ததில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மச்சினன் ஒரு சோடாவை உடைத்து என் வாயில் ஊற்றப் போனான். டாக்டரம்மா பரிபூரணம் அதைப் பிடுங்கி அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "வாயில ஒரு சொட்டுகூட ஊத்தக் கூடாது, நுரையீரலுக்குப் போயிரும். நீங்க குடிங்க" என்றார்கள். அவனும் குடித்தான். பிறகு என்னைச் சிரிக்கச் சொன்னார்கள். அந்த நிலைமையில் சிரிக்கச் சொன்னால் என்ன செய்வது, சிரித்தேன், பாதிதான் வந்தது. கையைத் தூக்கச் சொன்னார்கள், ஒன்றுதான் வந்தது.

"எப்ப ஆரம்பிச்சது? சரியான நேரம் வேணும், உத்தேசமாச் சொல்லாதீங்க."

"அஸர் முடிஞ்சு, இவரு வாயில பால்கோவா வைக்கும்போது, டாக்டரம்மா. ஊரே பாத்துச்சு."

"அதுக்கு முந்தி நல்லா இருந்தாரா?"

"நல்லாவா? கல்யாணப் பந்திக்கு ஆட்டுக்கறியா கோழியான்னு ஒத்தை ஆளா சண்டை போட்டுச் செயிச்சவரு."

டாக்டரம்மா உடனே மதுரைக்குப் போன் போட்டு, என்னை ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். அங்கே ஒரு பெரிய வளையத்துக்குள் தலையை விட்டுப் படம் எடுத்தார்கள். மூளைக்குப் போகிற குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதாம், அதைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறதாம், நம்ம பக்கத்துக்குப் புதுசு, ஆரம்பித்து மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம், எப்போது ஆரம்பித்தது என்று தெரியாதவர்களுக்குப் போடவே மாட்டார்களாம். என் ஒருத்தனுக்குத்தான் ஒரு ஜமாஅத்தே சாட்சி. நான் துப்பியதை, மன்னிக்கவும், விழுந்ததை, இத்தனை பேர் பார்த்து முகம் சுளித்ததால் எனக்கு அந்த ஊசி கிடைத்தது.

இத்தனை வருஷம் ஆஸ்பத்திரிகளுக்குத் துணி அனுப்பியும் நான் ஒரு ஆஸ்பத்திரியிலும் படுத்ததில்லை. மறுநாள் காலையில் கண் விழித்ததும் பக்கத்துக் கட்டில்காரர் காலில் கட்டியிருந்த பேண்டேஜைப் பார்த்தேன். "நெசவு லூசு" என்றேன். நர்சு, பெரியவர் பிதற்றுகிறார் என்று டாக்டரைக் கூப்பிட ஓடியது. என் மச்சினன் மட்டும் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டான், மச்சான் பேசிட்டாரு, சரியாத்தான் பேசுதாருன்னு.

ஆகையால் ஜனாப், பொறுக்கிறது இம்புட்டுத்தான். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவேன். கம்பத்தில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருக்கிறான், இனிப்பு விற்காத குடும்பம்.

பெரியவர்களுக்கு சலாம், சிறியவர்களுக்கு துஆ. பால் திரிந்ததற்காகச் சங்கிலிப்பாண்டியைத் திட்டியிருந்தால் வாபஸ் வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
துப்பாத
பிச்சை முகம்மது

பி.கு: இதை ஒட்டி வைத்துவிட்டு லுஹர் தொழுது வருவதற்குள் தாங்களே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டீர்கள். இப்போது தாங்கள் திரும்பிப் போன பிறகு கவரைப் பிரித்து எழுதுகிறேன். சலாம்கூடச் சொல்லாமல் என் வலது கையைப் பிடித்து "அமுக்குங்க சம்மந்தி" என்றீர்கள். அமுக்கினேன். "வலிக்கி, விடுங்க" என்றீர்கள். அதற்குமேல் துப்பினது, சாக்கு என்ற பேச்சைத் தாங்கள் எடுக்கவில்லை. தேதியும் குறித்தாயிற்று, அசீனாவும் தையல்காரர் கடைக்குப் போயாயிற்று. மேலே எழுதியது எதற்கும் இனி வேலை இல்லை, கம்பத்து மாப்பிள்ளை முதலிலிருந்தே இல்லை. இருந்தாலும் அனுப்புகிறேன். மகளிடம் சொல்லி எழுத வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். முழுவதையும் மூன்று நாளாக உட்கார்ந்து என் வலது கையாலேயே எழுதினேன். கிழித்துப் போட மனசு வரவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.