இன்னும் கொஞ்சம் பின்னால் போ

மலைக்குப் போகிற எந்த நண்பர் கூட்டத்தை எடுத்துக்கொண்டாலும், அதில் ஒருவர் மட்டும் மலை பார்க்கப் போவதில்லை. அவர் வெளிச்சம் பார்க்கப் போகிறார். இவரை நீங்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் பையில் ரொட்டியும் கம்பளிக் காலுறையும் இருக்கும். இவர் பையில் லென்சுகள், லென்சைத் துடைக்கத் துணிகள், துணி நனையாமல் இருக்க உறைகள், ஒரு முக்காலி, அந்த முக்காலிக்கு ஏதாவது ஆகிவிட்டால் உதவ ஒரு குட்டி முக்காலி எல்லாம் இருக்கும். அப்படியானால் இவருடைய ரொட்டி? அது உங்கள் பையில் இருக்கிறது.

நடுப்பகலில் வானம் துடைத்துவிட்டாற்போல நீலமாகி, பனிச்சிகரம் பளபளக்க, எல்லாரும் வாயைத் திறந்தபடி நிற்கும்போது இவர் மட்டும் கெட்டுப்போன பாலை முகர்ந்தவர் மாதிரி மூக்கைச் சுருக்கி, "தட்டையான வெளிச்சம்" என்பார். வெளிச்சம் எப்போது தட்டையாக இருக்காது? நீங்கள் தூங்கும்போது.

இதோடு விட்டால் பரவாயில்லை. மலை எவ்வளவு பெரிது என்று படத்தில் தெரிய வேண்டுமல்லவா? அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். சின்ன ஆள். சிவப்பு நிறத்தில், முதுகைக் காட்டி, சிகரத்தைப் பார்த்துத் தத்துவம் யோசிப்பவரைப் போல நிற்கிற ஆள். கூட வந்த நண்பர்கள் வேறு எதற்கு இருக்கிறார்கள்?

நியூசிலாந்தின் ஓமரு ஊரில் இந்த வகைக்குச் சரியான மாதிரி கிளைவ். இளவயதில் மலையேறும் சங்கத்தில் சேர்ந்த நால்வர் எழுபதைத் தொட்ட பிறகும் சேர்ந்தே ஏறுகிறார்கள்: கிளைவ், கோழி வளர்க்கும் டெஸ், வாயை மூடாத ராவிரி, பிறகு நோலீன். நோலீன் முதியோர் இல்லத்தில் ஆயுள் முழுவதும் பிறரைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, மாத்திரை விழுங்க வைத்து ஓய்வு பெற்றவர். மலையிலும் அவர் முதலில் பார்ப்பது சிகரத்தை அல்ல, யார் நொண்டுகிறார்கள் என்பதை.

கிளைவ் ஆண்டுதோறும் கிறிஸ்துமசுக்குத் தன் படங்களால் ஒரு நாட்காட்டி அச்சடித்து நண்பர்களுக்குக் கொடுப்பார். நால்வர் சமையலறையிலும் அது தொங்கும். மார்ச்சில் டெஸ்ஸின் முதுகு. ஜூலையில் ராவிரியின் முதுகு. அக்டோபரில் பனிமூட்டத்துக்குள் நோலீனின் முதுகு. எல்லா முதுகுகளிலும் ஒரே சிவப்பு மழைக்கோட்டு. அது கிளைவுடையது. ரொட்டிக்கு இல்லாத இடம் அவர் பையில் அதற்கு உண்டு.

இந்த முறை மட்டும் ஒரு முகம் தேவைப்பட்டது.

மனைவி இறந்து பல ஆண்டுகளாகத் தனியாக இருக்கும் டெஸ், கோழிகளை விற்க விளம்பரம் கொடுத்திருந்தார். டிமருவிலிருந்து வில்மா என்ற பெண்மணி விலை கேட்க ஃபோனில் பேசினார். கோழியை வாங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பேச்சு. டெஸ் அடுப்பில் வைத்த உருளைக்கிழங்கு கரியாகும் வரைக்கும் பேச்சு. கடைசியில் வில்மா பஸ்ஸில் ஓமருவுக்கு வருவதாகச் சொல்லி, ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"முகம் தெரியற மாதிரி ஒரு படம் அனுப்பிடுங்க. போன தடவ தங்கச்சி வீட்டுக்காரர்னு நெனச்சு பஸ் ஸ்டாண்டுல வேற யாரையோ கட்டிப் புடிச்சுட்டேன். அவரும் சும்மா நின்னுட்டாரு."

டெஸ் வீட்டிலிருந்த படங்களில், மனைவி இருந்த காலத்துக்குப் பிந்தையவை எல்லாம் கிளைவ் எடுத்தவை. அதாவது முதுகுகள்.

"நான் போன்ல எடுத்துத் தர்றேன்" என்றார் நோலீன். எடுத்தும் கொடுத்தார். ஆனால் முதியோர் இல்லத்தில் அவர் படம் எடுத்துப் பழகியதெல்லாம் டாக்டருக்குக் காட்டவேண்டிய புண்களைத்தான். அவர் எடுத்த படத்தில் டெஸ்ஸின் முகம் மிகத் தெளிவாக, உடனே மருந்து போடவேண்டியது போல இருந்தது.

கிளைவுக்கு விஷயம் தெரிந்ததும் ரோஷம் வந்துவிட்டது. "போன்லயா? கல்யாண விஷயத்துக்கா? டேய் டெஸ், அவொராகி மலையப் பின்னால வெச்சு எடுத்துத் தர்றேன்டா. அந்தம்மா ஆடிப் போயிடும்."

"முகம் வரணும்" என்றார் நோலீன்.

"வரும், வரும். மொதல்ல மலை வரட்டும்."

ஏறினார்கள். மலைக்குடிலில் படுத்தார்கள். விடியும் முன் கிளைவ் எல்லாரையும் எழுப்பி, பக்கத்திலிருந்த குளத்தின் கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார். டெஸ் பனித்தண்ணீரில் சவரம் செய்து தாடையில் ஒரு வெட்டு வாங்கியிருந்தார். நோலீன் அதற்கு ஒட்டுப்போட்டு, நீலச் சட்டையின் காலரை இழுத்துவிட்டு, தலையைக் கையாலேயே வாரிவிட்டார். பார்த்தால் மாப்பிள்ளைதான். கிளைவ் வந்து நேராகச் சிவப்புக் கோட்டை அந்தச் சட்டைமேல் மாட்டினார்.

"இது எதுக்கு?"

"நீலம் நிழல்ல காணாம போயிடும் நோலீன். உனக்குத் தெரியாது."

பிறகு தொடங்கியது சடங்கு. கிளைவ் முக்காலியை நட்டார், பிடுங்கினார், நட்டார். "டெஸ், கொஞ்சம் பின்னால போ. இன்னும் கொஞ்சம். அந்தப் பாறை வரைக்கும் போ. இல்லல்ல, அதுக்கு அடுத்த பாறை. இயல்பா நில்லு. என்னடா அது, பேங்க்ல கடன் கேக்கற மாதிரி? இயல்பா."

டெஸ் போனார். போய்க்கொண்டே இருந்தார். டெஸ்ஸிடம் ஒரு குறை உண்டு: போ என்று சொன்னால் போவார். அரிசிமணி அளவுக்குச் சிறுத்துவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் போகச் சொல்லு. நேரா டிமருவே வந்துடும். அப்புறம் படமே தேவையில்ல" என்றார் ராவிரி.

மேகம் வந்து சிகரத்தை மூடியது. கிளைவ் ஒரு கையை உயர்த்தி, "அஞ்சு நிமிஷம்" என்று அறிவித்தார். இந்த வகையினரின் ஐந்து நிமிடத்தில் உங்கள் வீட்டில் ஒரு விருந்தே சமைத்துவிடலாம். காற்று அறைந்தது. ஃப்ளாஸ்க்கில் தேநீர் ஆறியது. ராவிரி பழக் கேக்கைத் தின்றார், கிளைவின் பங்கையும் தின்றார். கியா கிளி ஒன்று வந்து முக்காலியின் காலை ருசி பார்த்துவிட்டு, லென்சுக்கு நேராக அமர்ந்து அழகாகத் தலையைச் சாய்த்துக் காட்டியது. கிளைவ் அதை விரட்டினார். முகம் காட்ட விரும்பிய ஒரே ஜீவனும் போயிற்று.

நோலீன் கேக் துண்டோடும் கையுறையோடும் பாறைகளைத் தாண்டிப் போனார். டெஸ்ஸின் விரல்கள் வெளுத்திருந்தன. அவற்றைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் இப்படி நிக்கற? வேண்டாம்னு சொல்லத் தெரியாதா உனக்கு?"

"பாவம், எனக்காக அவ்வளவு கனத்தத் தூக்கிட்டு வந்திருக்கான்."

"உனக்காகவா? அவன் அந்த மூட்டைய பல் டாக்டர்கிட்டப் போனாலும் தூக்கிட்டுத்தான் போவான்."

"அந்தம்மாவுக்கு என்னைப் புடிக்குமா நோலீன்?" டெஸ் சிகரத்தைப் பார்த்தபடியே கேட்டார். "ஞாயித்துக்கிழமை ஃபோன் வரலன்னா அந்த வீட்டுல நான் யார்கிட்டப் பேசறது? கோழிங்ககிட்டதான்."

நோலீன் மூக்கைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை கொடுத்தார். "அவன் மலையப் படம் எடுத்ததும் உடனே திரும்பி, சிரிச்சுக் கையாட்டு. நான் அங்க நின்னு கத்தறேன்" என்று சொல்லித் திரும்பினார்.

அவர் முக்காலியை எட்டுவதற்குள் மேகம் விலகியது. என்ன சொல்வது, வந்த வெளிச்சம் அப்படிப்பட்டதுதான். அவொராகி அடி முதல் நுனி வரை ரோஜா நிறமாகி, அது குளத்துக்குள்ளும் இறங்கி, கரையின் உறைபனிகூடக் கன்னம் சிவந்தது. புண்களைப் பார்த்துப் பழகிய நோலீனே ஒரு நொடி வாயடைத்து நின்றார். அந்த ஒரு நொடியில் கிளைவ் படமாகச் சுட்டுத் தள்ளினார்.

"டெஸ், திரும்பு" என்று கத்தினார் நோலீன்.

டெஸ் திரும்பினார். சிரித்தார். இரண்டு கைகளையும் ஆட்டினார். மலையின் நிறம் போயிற்று.

"எடு கிளைவ். இப்ப எடு."

கிளைவ் கேமராவின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். "முடிஞ்சுது நோலீன். இதுக்கு மேல தட்டை."

இறங்கியதும் அவர் யாரையும் கேட்காமல் அந்தப் படத்தை வில்மாவுக்கே அனுப்பிவிட்டார். இந்த வகையினர் நல்லெண்ணத்தில்தான் எல்லாவற்றையும் செய்கிறார்கள். அதனால்தான் அடிக்க முடிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்ஸின் சமையலறையில் நால்வரும் இருந்தார்கள். ஃபோன் அடித்தது. டெஸ் அவசரத்தில் எதையோ அழுத்த, வில்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"படம் வந்துச்சு. மலை ரொம்ப நல்லா இருக்கு. ஓரத்துல ஒரு செவப்புப் புள்ளி இருக்கே, அது நீங்களா, அறிவிப்புப் பலகையா?"

ராவிரி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார்.

"நான்தாங்க" என்றார் டெஸ். "நண்பன் நிக்கச் சொன்னான்."

"எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"மேகம் போற வரைக்கும்."

"அந்தக் குளிர்லயா? திட்டலையா?"

"திட்டவே இல்லம்மா" என்று மேசைக்கு அடியிலிருந்து ராவிரி சாட்சி சொன்னார். "நாங்க எல்லாரும் திட்டினோம். இவன் மட்டும் நின்னான்."

டெஸ் ஃபோனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நோலீன் அவர் முகம் வெளுப்பதைப் பார்த்து நாற்காலியை அவருக்குப் பின்னால் நகர்த்திப் போட்டார்.

"போய்ச் சேந்த என் வீட்டுக்காரர் நல்லவருதான்" என்றார் வில்மா கடைசியில். "ஆனா தபாலாபீஸ் வரிசையில கூட நிக்க மாட்டாரு. நான் செருப்புக் கடைக்குள்ள போனா வெளிய ஹாரன் அடிச்சுட்டே இருப்பாரு. முப்பத்தஞ்சு வருஷம் ஹாரன் கேட்டேன். மூஞ்சி கெடக்கட்டும். வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு வர்றேன். அந்தச் செவப்புக் கோட்டப் போட்டுட்டு முதுகக் காட்டி நில்லுங்க. கண்டுபுடிச்சுடுவேன்."

ஃபோன் வைக்கப்பட்டது. டெஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். கிளைவ் எழுந்து நின்று, மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார். "நான்தான் சொன்னேனே, வெளிச்சம்."

வெள்ளிக்கிழமை டெஸ் பஸ் நிறுத்தத்தில் முதுகைக் காட்டி நின்றார். கோட்டைக் கொண்டுவந்த சாக்கில் கிளைவும் வந்திருந்தார், முக்காலியோடு. பஸ்ஸிலிருந்து குட்டையாக, உருண்டையாக ஓர் அம்மாள் இறங்கி, சிவப்பு முதுகை நோக்கிக் கைகளை விரித்துக்கொண்டு நடந்தார்.

"ஒரு நிமிஷம்மா" என்றார் கிளைவ். "கொஞ்சம் பின்னால போய்த் திரும்ப நடந்து வாங்க. மேகம் மறைக்குது."

"தள்ளுப்பா" என்றார் வில்மா. தட்டையான வெளிச்சத்திலேயே கட்டிப் பிடித்தார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இப்போது உங்கள் போனை எடுத்து, போன விடுமுறையின் படங்களைத் தள்ளிப் பாருங்கள். அருவி இருக்கும். சூரியன் மறைவது எட்டு விதமாக இருக்கும். சாப்பிடுவதற்கு முன் தட்டு இருக்கும். ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறதே, அது யாருடையது? அவர் இப்போது பக்கத்து அறையில்தான் இருப்பார். போய் முகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். சன்னலோரமாக வந்து நிற்கும்படி மட்டும் சொல்லிவிடாதீர்கள்.