டைனமோ சாரும் ஊரார் கால்களும்

சோறு வீணானால் வயிறு எரிகிறவர்கள் இருக்கிறார்கள். குழாய் சொட்டினால் தூக்கம் வராதவர்கள் இருக்கிறார்கள். அவர்களையெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் சொல்லவந்த இனம் வேறு. பிறத்தியார் உடம்பு அசைந்தால் இவர்களுக்கு மனசு பொறுக்காது. இவ்வளவு அசைவும் வீணாகப் போகிறதே என்று அடிவயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு விடுவார்கள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக்கு வெளியே காத்திருக்கும் ஒருவர் கவலையில் காலாட்டிக்கொண்டிருப்பார், இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சார், இந்தக் காலை முறையாப் பயன்படுத்தினா ஒரு போனுக்கே சார்ஜ் ஏத்தலாம், தெரியுமா?" என்பார். உள்ளே தம்பிக்கு ஆபரேஷன் நடக்கிறது என்று அந்த மனிதர் சொன்ன பிறகாவது எழுந்து போவாரா? மாட்டார். "அதான் சார், டென்ஷன்ல வேகம் ஜாஸ்தி. நமக்கு வேண்டியதே அதுதான்."

இந்த இனத்தில் தேர்ந்த ஒருவர் வாகன இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரை டைனமோ சார் என்றார்கள். அவரும் அதைப் பட்டம் போல ஏற்றுக்கொண்டார். உட்கார்ந்திருந்தார் என்று நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். பக்கத்து மேஜைக்குப் போகவேண்டுமென்றால் எழுந்திருக்க மாட்டார். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியைக் கால் கட்டைவிரலால் ஓர் உந்து உந்தி உருண்டு போவார். ஒரு மாடி இறங்க லிஃப்டுக்குக் கால்மணி நேரம் காத்திருப்பார். தண்ணீர் பாட்டிலை யாராவது நடந்து போகிறவர் கையில் திணித்து, "எப்படியும் அந்தப் பக்கம்தானே போறீங்க?" என்பார். ஆனால் அந்த அறையின் ஸ்பிரிங் கதவு ஒரு நாளைக்கு முந்நூற்று நாற்பது தடவை திறந்து மூடுகிறது என்பதை எண்ணி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். நொறுங்கிப்போன காரைப் பற்றி யாராவது வந்து கையை ஆட்டி ஆட்டி அழுதால், அவர் காரைப் பற்றி நினைக்கமாட்டார். கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படி வெறுமனே பெருமூச்சு விட்டே அவர் காலம் போயிருக்கும். வினை அவருடைய மனைவியின் போனில் வந்தது.

அந்த அம்மாள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சீனியர் நர்ஸ். அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் படுத்திருக்கும் வார்டு அவர் பொறுப்பு. ஒரு சாயங்காலம் அவர் முகம் கழுவப் போனபோது, சோபாவில் கிடந்த போனை டைனமோ சார் தற்செயலாக எடுத்துப் பார்த்தார். அன்று நடந்த அடிகள்: பத்தொன்பதாயிரம். வீட்டுக் கொல்லையிலேயே எண்ணெய்க் கிணறு கண்டவர் மாதிரி அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"பத்தொன்பதாயிரம்! இத்தனை வருஷமா எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே!"

"கால் வலிக்குது, கால் வலிக்குதுன்னு தினம் சொல்லிட்டுத்தானே இருக்கேன்."

"அது வலிம்மா. இது கரண்ட்!"

நாலு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் சாப்பாட்டு மேஜையை விட்டு நகரவில்லை. பழைய பொம்மைக் காரிலிருந்து மோட்டார், உடைந்த கடிகாரத்திலிருந்து பல்சக்கரங்கள், சூட்கேஸ் பட்டை, ஒரு ஸ்பிரிங். எல்லாம் சேர்ந்து முழங்காலில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டையாக உருவெடுத்தது. முழங்கால் மடங்கும்போதெல்லாம் சக்கரம் சுற்றும், கரண்ட் பிறக்கும், ஒயர் வழியாகப் பாக்கெட்டில் இருக்கும் போனுக்குப் போகும். எடை அரைக் கிலோ. "ஒண்ணுமே தெரியாது, இறகு மாதிரி இருக்கும்," என்றார், அதை ஒருமுறைகூடக் கட்டிப் பார்க்காதவர்.

அந்த அம்மாள் ஏன் ஒத்துக்கொண்டார்? இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவர்கள் கேட்கமாட்டார்கள். மனுஷர் நாலு வாரமாக டிவி ரிமோட்டைத் தேடவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை, குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். போகட்டும் என்று சீருடைக்குள் கட்டிக்கொண்டு போனார்.

முதல் நாள் சாயங்காலம் அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, டைனமோ சார் போனைப் பிடுங்கிப் பார்த்தார்.

"பதினாலு பர்சென்ட்! உன் நடையிலேருந்து பதினாலு பர்சென்ட்!"

அந்த அம்மாள் நாற்காலியில் சாய்ந்து வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "என் முழங்கால்ல இப்ப எத்தனை பர்சென்ட் மிச்சம் இருக்குன்னும் அதுல பாத்துச் சொல்லுங்க."

டைனமோ சார் காதில் அது விழவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் பதினாறு. மாடிப்படியை இன்னும் கொஞ்சம் உபயோகித்தால் இருபதைத் தொடலாம் என்று மனைவிக்கு யோசனையும் சொன்னார்.

மூன்றாம் நாள் அந்த அம்மாள் வந்தபோது முகம் வெளிறியிருந்தது. பட்டையை அவிழ்த்து மேஜை மேல் வைத்தார். டைனமோ சார் கை போனைத் தேடிப் போயிற்று.

"அதைத் தொடாதீங்க. முதல்ல கேளுங்க. ஏழாம் நம்பர் பெட்ல ஒரு பெரியவர். வயித்துல ஆபரேஷன் ஆகி ரெண்டு நாள். யாரையும் கூப்பிடாம தானே எழுந்துட்டார். தள்ளாடுறதப் பாத்துட்டு ஓடினேன். பாதியில உங்க சக்கரம் சிக்கிக்கிச்சு. கால் மடங்கலை."

"அப்புறம்?"

"விழுந்துக்கிட்டே கையை நீட்டினேன். அவர் சட்டைக் காலர் கையில மாட்டுச்சு. அதுக்குள்ள இன்னொரு நர்ஸ் வந்து தாங்கிட்டா. காலர் மாட்டலைன்னா?"

டைனமோ சார் வாயைத் திறந்தார். "ஸ்பிரிங் கொஞ்சம் இறுக்கமா இருந்திருக்கும், நான் அதை..." என்று ஆரம்பித்து, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சரி பண்ணுங்க. நல்லாவே சரி பண்ணுங்க. நாளைக்கு எனக்கும் லீவு, உங்களுக்கும் லீவு. போன்ல சார்ஜ் சுத்தமா இல்லை. நீங்க இதைக் கட்டிக்கிட்டு நடந்து எனக்கு ஏத்திக் கொண்டு வாங்க. அதுவரைக்கும் நான் படுத்திருக்கேன்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஓர் ஆராய்ச்சியாளரின் கம்பீரத்தோடு அவர் தெருவில் இறங்கினார். முதல் பத்து நிமிஷம் கம்பீரம் இருந்தது. பிறகுதான் ஒரு விஷயம் விளங்க ஆரம்பித்தது: சக்கரம் சும்மா சுற்றவில்லை. ஒவ்வொரு அடிக்கும் யாரோ முழங்காலைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல் இருந்தது. கரண்ட் வானத்திலிருந்து விழவில்லை. தொடையிலிருந்து, இடுப்பிலிருந்து, காலையில் சாப்பிட்ட இரண்டு ரொட்டித் துண்டிலிருந்து பட்டை அதை ஒவ்வொரு சொட்டாகக் கறந்துகொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கியபடியே, "என்ன சார், கால்ல அடியா?" என்றார். பூங்காவை நாலு சுற்றுச் சுற்றியதில் சட்டை முதுகோடு ஒட்டியது. போனைப் பார்த்தார். மூன்று பர்சென்ட்.

பெஞ்சில் உட்காரலாமா என்று யோசித்தபோதுதான் அவருடைய அலுவலகத்துப் பக்கத்து மேஜைக்காரர் எதிரே வந்தார். டைனமோ சாரின் பேச்சைத் தினமும் கேட்டுக் கேட்டு அரைச் சீடராகவே ஆகிப்போனவர். பட்டையைக் கண்டதும் அவருக்குப் பரவசம். கூடவே நடந்தார். நடந்தபடி உற்றுப் பார்த்தார்.

"எல்லாம் பிரமாதம் சார். ஆனா கையை வீசி நடக்கறீங்களே, அந்த வீச்சு வீணாப் போகுதே. ரெண்டு கையிலயும் ஒண்ணொண்ணு மாட்டிட்டா என்ன? மூச்சு வேற பலமா வாங்குது. நெஞ்சுல ஒண்ணு கட்டினா..."

டைனமோ சார் நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனிதரைப் பூங்காவின் நடுவில் வைத்துக் கத்தினார். "யோவ், எனக்கு உசிரு போகுது, உனக்கு வீச்சு கேக்குதா?"

கத்திய பிறகு அவருக்கே அது யாரோ தனக்குச் சொன்னது போலக் கேட்டது. சீடர் போன பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றார். பிறகு நடந்தார். மதியம் படியேறி வீட்டுக்கு வந்தபோது இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்.

"எவ்வளவு?"

"ஏழு," என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

அந்த அம்மாள் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். குத்திக்காட்டுவார் என்று எதிர்பார்த்தார். அந்த அம்மாளோ போனை வாங்கி வார்டுக்குப் பேசினார். "ஏழாம் நம்பர் எப்படி இருக்கார்? கஞ்சி குடிச்சாரா? நடக்க வெச்சீங்களா? ஜன்னல் வரைக்குமா! நல்லது, நல்லது. தனியா விட்டுடாதீங்க." வைத்துவிட்டு மூன்று நாளில் முதல்முறையாக முகம் மலர்ந்தார்.

டைனமோ சார் காலை நீட்டியபடி அந்த முகத்தையே பார்த்தார். "பெரியவர் விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"தையல் பிரிஞ்சிருக்கும். இடுப்பும் போயிருக்கும்."

அவர் திருப்புளியை எடுத்தார். பட்டையைச் சக்கரம் சக்கரமாகக் கழற்றினார். போனைச் சுவர் சார்ஜரில் சொருகினார். அந்த அம்மாள் வலி மருந்து டியூபை அவர் மடியில் எறிந்து, "நீங்களே தேச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் தனக்குத் தேய்த்துக்கொள்ளவில்லை. நொண்டிக்கொண்டே போய் மனைவியின் முழங்காலில் தேய்த்தார். அவரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

மனுஷர் திருந்திவிட்டாரா என்கிறீர்கள். அந்த இனம் முழுசாகத் திருந்தியதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் சாயங்காலத் தேநீர் இப்போது அவர் கையால்தான்.

அது கிடக்கட்டும். பட்டை, சக்கரம், ஒயர் ஒன்றும் இல்லாமலேயே பிறத்தியார் கால்களில் இந்த இனம் ஏராளமாக வாழ்கிறது. இதைப் படிக்க நீங்கள் உட்கார்ந்தபோது மூக்குக்கண்ணாடியை எடுத்துத் தந்தது யார்? மின்விசிறியைப் போட்டது? வாசல் மணி அடித்ததே, எழுந்து போனது யார்? நினைவில்லையா?

அப்படியானால் உங்களுக்கு நல்ல கரண்ட் வந்துகொண்டிருக்கிறது.