வலது கைப் பக்கத்து வயல்

போன வாரம் பக்கத்து வீட்டில் யாருக்கோ சளி. கபசுரக் குடிநீர் கொதிக்கும் வாசனை சுவர் தாண்டி வந்ததும், கை தானாகப் போனை எடுத்து அந்தக் கொரோனா வருடத்துப் படங்களுக்குப் போய்விட்டது. மற்றவர்கள் போனில் மாஸ்க்கும், வீட்டிலேயே வெட்டிக்கொண்ட தலைமுடியும் இருக்கும். என் போனில் வயல். ஒரே வயல், நாளுக்கு ஒரு படம், நாற்றிலிருந்து கதிர் வரை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நெல்லைப் பற்றிக் கவிதை எழுதுவேன். நெல் எது, கோரை எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன். (நீடாமங்கலத்துக்காரன் வெளியே சொல்லக் கூடாத விஷயம்.)

என் மனைவியின் அண்ணன் செல்வம் சிங்கப்பூரில் வெல்டர். பத்துப் பேரோடு ஓர் அறையில் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார். போனிலேயே ஆள் பிடித்துக் குறுவை நட்டுவிட்டு, என்னை அழைத்தார்.

"மச்சான், இங்க ஜன்னலத் தொறந்தா எதிர்ச் சுவருதான். வயலப் பாத்துக்கிட்டு, தினம் ஒரு போட்டோ அனுப்புங்க. மெயின் ரோட்டுலேர்ந்து வாய்க்கால் கரையில வந்தா, வேப்பமரத்துக்கிட்ட வலது கைப் பக்கம்."

மெயின் ரோட்டில் போலீஸ் தடுப்பு. ஆகவே ஆற்றங்கரை வழியாக, எதிர் முனையிலிருந்து வந்தேன். வேப்பமரம் இருந்தது. வலது கையும் இருந்தது. வேறென்ன வேண்டும்?

பனித்துளி, தும்பி, ஒற்றைக் கொக்கு என்று எடுத்து அனுப்பினேன்.

"கொக்க விடுங்க மச்சான். பயிரு எத்தன தூர் வெடிச்சிருக்குன்னு காட்டுங்க."

நுனி மஞ்சளாகத் தெரிகிறது என்றார், யூரியா போட்டேன். தண்ணீர் கட்டினேன். ஆள் வைத்துக் களை எடுத்தேன். எதிர் வயலில் கோரை இடுப்புயரம் நின்றது. 'எவனோ சோம்பேறி வயல்' என்று குரல் பதிவு அனுப்பினேன். அவரும் சிரித்தார்.

கதிர் பழுத்தபோது, நட்ட கையோடு மகள் வீட்டுக்குத் தரங்கம்பாடி போய் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்த ஜமால் பாய் ஊர் திரும்பினார். வயல் நடுவே நின்றவரையும் சேர்த்து ஒரு படம் அனுப்பினேன்.

"என் வயல்ல பாய் ஏன் நிக்கிறாரு?" என்று கேட்டார் செல்வம்.

அதை அப்படியே பாயிடம் கேட்டேன்.

"என் வயல்ல நான் நிக்காம வேற யாரு தம்பி நிக்கிறது? அது கெடக்கட்டும், செல்வம் வயலு ஏன் இப்படிக் கெடக்கு?" என்று கோரைப் பக்கம் கை காட்டினார்.

வீடியோ அழைப்பில் போனை மெதுவாகத் திருப்பினேன். செல்வம் போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"அந்தச் சோம்பேறி வயலா, மச்சான்?"

அவருக்குப் பின்னால் அறையே வெடித்துச் சிரித்தது.

பாய் பாதி நெல்லைச் செல்வம் வீட்டில் இறக்கினார். வேண்டாம் என்றதற்கு, "உரம் வெச்சது யாரு?" என்றார். நான் வெளியே கிளம்பினால் என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்: "வலது கைப் பக்கம் பாத்துப் போங்க."

இப்போது அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். முக்கால்வாசிப் படங்களின் ஓரத்தில், மங்கலாக, கோரையோடு மச்சானின் வயல் நிற்கிறது. நூறு நாள் அதன் எதிரே நின்று வேறென்ன பார்த்துக்கொண்டிருந்தேனோ.

போன மாதம் லீவு முடிந்து கிளம்பிய செல்வத்தை ஸ்டேஷனில் ஏற்றிவிட்டேன். ரயில் நகரும்போது ஜன்னலோரம் குனிந்தார்.

"ரூம்ல பசங்க இன்னமும் கேக்குறாங்க மச்சான். அப்பப்ப ஒரு போட்டோ அனுப்புங்க."

"நம்ம வயலத்தானே?"

"வேணாம். பாய் வயல."