சாக்ஸ் பண்டிதர்

பண்டிதர்களில் பல வகை உண்டு. தலைவலி என்றால் நாலு மாத்திரைப் பெயர் சொல்பவர், வண்டி வாங்கப் போனால் கூடவே வந்து நின்று சக்கரத்தை உதைத்துப் பார்ப்பவர் என்று இவர்களை எல்லாம் நீங்கள் எப்படியோ சமாளித்து வந்திருப்பீர்கள். நான் இன்று அறிமுகம் செய்யப் போகிறவர் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி வேலை செய்பவர். உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். கணுக்காலைப் பார்த்துத்தான் பேசுவார். அவர்தான் சாக்ஸ் பண்டிதர்.

எங்கும் இருப்பார். எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். ஏதோ ரசீது கேட்கப் போய் அவர் எதிரே உட்காருகிறீர்கள், காலை லேசாக நீட்டுகிறீர்கள், பேன்ட் ஒரு விரற்கடை மேலே ஏறுகிறது. போதும்.

"சார், இது முழுக் காட்டனா?"

"ஆமா சார். காட்டன்தானே நல்லது?"

மாட்டிக்கொண்டீர்கள். காட்டன் வியர்வையைக் குடிக்கும், குடித்ததை வெளியே விடாது, ஈரம் காலிலேயே நிற்கும், ஈரத்தில் தோல் ஊறும், ஊறிய தோல் உராயும், உராய்ந்தால் கொப்புளம், கொப்புளம் உடைந்தால் புண், புண்ணைக் கவனிக்காமல் விட்டால் என்று படிப்படியாக இறங்கி, உங்களை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்திய பிறகுதான் மூச்சு விடுவார். ரசீது கிடைத்ததா என்றா கேட்கிறீர்கள்? அதற்கு மறுநாள் இன்னொரு தடவை போக வேண்டும், வேறு சாக்ஸ் போட்டுக்கொண்டு.

எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வதில் தப்பே இருக்காது. எங்கள் காசாளருக்குச் சர்க்கரை வியாதி. "சுகர் இருக்கறவங்க வெள்ளை சாக்ஸ் போடணும் சார். காலு மரத்துப் போயிருந்தா அடிபட்டது தெரியாது, கறைதான் காட்டிக் கொடுக்கும்" என்றார். நியாயமான பேச்சு. காசாளர் அன்றிலிருந்து கறுப்பு ஷூவுக்கு வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு வருகிறார், நாங்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சம்பளம் வாங்குகிறோம்.

துக்க வீட்டுக்குப் போனாலும் விடமாட்டார். எல்லோரும் ஷூவை வாசலில் விட்டுவிட்டுத் தலை குனிந்து நிற்கும் இடம் அது. இவருக்குக் கண்காட்சி. ஒருமுறை இறந்தவரின் தம்பி தோளில் கைவைத்துக் காதோடு ஏதோ சொன்னார். ஆறுதல் சொல்கிறார் என்று நாங்கள் நெகிழ்ந்து போனோம். "பெருவிரல்ல ஓட்டை பாருங்க. சைஸ் சின்னது, அதான் கிழியுது" என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் அழுகையை நிறுத்திவிட்டார். ஒரு வகையில் ஆறுதல்தான்.

பண்டிதருடைய மனைவி ஒரு பெரிய கடையில் கண்ணாடிப் பாத்திரப் பிரிவில் வேலை செய்கிறார். வெகு காலம் கிடங்கில் அட்டைப் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தவர், போன மாதம்தான் கவுண்டருக்கு வந்தார். நாள் முழுக்க நிற்க வேண்டும். கறுப்பு ஷூ, கறுப்பு சாக்ஸ் கட்டாயம். குதிகாலில் கொப்புளம் வந்துவிட்டது. நொண்டுவதைப் பார்த்த மேற்பார்வையாளர், "முடியலைன்னா பழையபடி கிடங்குக்கே போயிடுங்கம்மா. அங்கன்னா உட்கார்ந்து பார்க்கலாம்" என்று அன்பாகச் சொன்னார். அந்த அன்பைக் கேட்டதும் அந்த அம்மாள் நொண்டாமல் நடந்து காட்டினார்.

மறுநாள் காலை கணவரிடம், "என்னங்க, வரும்போது எனக்கு ஒரு ஜோடி நல்ல சாக்ஸ் வாங்கிட்டு வாங்க" என்றார்.

வீட்டில் ஒருவர் பண்டிதரிடம் வாய்விட்டு சாக்ஸ் கேட்டது அதுதான் முதல் தடவை. அரை நாள் லீவு போட்டார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கடையில் அவரைப் பார்க்க வேண்டுமே. ஒவ்வொரு சாக்ஸுக்குள்ளும் முஷ்டியை விட்டு வெளிச்சத்தில் பிடித்தார், உள்பக்கம் திருப்பி விரல் நுனித் தையலைக் கட்டைவிரலால் தடவினார், வாயருகே வைத்து ஊதி மறுபக்கம் காற்று வருகிறதா என்று உள்ளங்கையால் பார்த்தார். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கம்பீரமாக நீட்டினார். விற்பனைப் பெண், "என்ன சைஸ் சார்?" என்றாள்.

பண்டிதர் கையிலிருந்த சாக்ஸை இன்னொரு தடவை உள்பக்கம் திருப்பினார்.

"லேடீஸ்... நார்மல் சைஸ்."

"நார்மல்னு ஒண்ணு இல்லயே சார். அவங்க செருப்பு நம்பர் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு எப்படித் தெரியும்? "போன் போட்டுக் கேளுங்களேன்" என்றேன். "சாக்ஸ் விஷயத்துல நான் போய் இன்னொருத்தர்கிட்ட கேக்கறதா?" என்றார். பிறகு தன் காலைக் குனிந்து பார்த்து, "இதைவிடக் கொஞ்சம் சின்னது" என்று வாங்கிவிட்டார்.

மிச்சத்தை அவர் மகள் சொன்னாள். சாக்ஸின் குதிகால் அம்மாவுக்குக் கணுக்காலுக்கு மேல் ஏறி நின்றதாம். விரல் பக்கம் ஒரு முழு விரல் நீளம் மிச்சமாம். "மடிச்சு விட்டுக்கோ. துணி உசத்தியான துணி" என்றாராம் இவர். மடிப்பு விழுந்தால் கொப்புளம் என்று ஊருக்கெல்லாம் ஓதியவர். அந்த அம்மாளும் நம்பி மடித்துப் போட்டுக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் கொப்புளம் உடைந்தது. "நாளைக்கு ஒரு நாள் பார்க்கலாம், அப்புறம் கிடங்குதான்" என்றுவிட்டார் மேற்பார்வையாளர். அந்த அம்மாள் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிவிட்டு, கவுண்டர் போயிடும் என்று சொல்லிச் சொல்லி அழுதாராம்.

பண்டிதர் அந்தச் சாக்ஸை விளக்கடியில் பிடித்து, "தையல்ல ஒரு குறையும் இல்லையே" என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மகள் தன் அலமாரியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து வந்தாள். "பிளாஸ்திரி போட்டு இதைப் போட்டுக்கோம்மா. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர்தானே."

விளக்கடியிலிருந்து பண்டிதர் தலையைத் தூக்கி, "அப்படியா?" என்றார்.

கவுண்டர் தப்பித்தது. அந்த அம்மாள் இன்றும் அங்கேதான் நிற்கிறார், மகள் சாக்ஸோடு. ஆனால் பண்டிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு அந்த இனத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அடுத்த வாரம் நான் போய் உட்கார்ந்தபோது புதிய அத்தியாயம் தயாராக இருந்தது.

"சைஸ் சார், சைஸ். அப்புறம்தான் துணி, தையல் எல்லாம். இதை யாருமே கவனிக்கறதில்ல."

"ரொம்பச் சரி. உங்க வீட்ல என்ன நம்பர் சார்?"

"பொண்ணோட நம்பர்தான்."

"பொண்ணு நம்பர்?"

அவர் பார்வை மெல்லக் கீழே இறங்கி என் கணுக்காலில் நின்றது. "சார், இது முழுக் காட்டனா?"

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களுக்கு சாக்ஸ் பைத்தியம் இல்லை என்ற தைரியம். உங்களுடையது வேறு ஏதாவதாக இருக்கும். தூக்கமோ, எண்ணெயோ, நடைப்பயிற்சியோ, அதில் உங்களை மிஞ்ச ஆள் இருக்காது. இருக்கட்டும், ஒரே ஒரு கேள்வி. அடுத்த அறையில் நடமாடுகிற சத்தம் கேட்கிறதே, அந்தக் காலுக்கு என்ன நம்பர்?

வாசலுக்குப் போய்ச் செருப்பைத் திருப்பிப் பார்க்கலாம் என்று எழுந்திருக்காதீர்கள். அதற்குப் பெயர் காப்பி அடிப்பது.